குமிழி வரவில்லை, பாட்டில் பொங்குகிறது: பேல் ஏல் கிட்டில் கோளாறு பார்ப்பது எப்படி

நண்பர்கள் வட்டத்தில் யார் பீர் கிட் வாங்கினாலும் இரண்டாம் நாள் ராத்திரி எனக்கு ஒரு செய்தி வந்துவிடும்: "அசைவே இல்லை, ஈஸ்ட் செத்துப்போச்சா?" அடுத்தடுத்து வரும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

இது இங்கிலாந்தில் கிடைக்கும் தொடக்க நிலை பேல் ஏல் (வெளிர் நிற பீர்) கிட்டுக்கானது. ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) சேர்த்த மால்ட் (முளைகட்டிய பார்லி) சாறு ஒரு டின், ஒரு கிலோ சர்க்கரை, டின் மூடிக்கு அடியில் சின்ன ஈஸ்ட் பாக்கெட், சில கிட்டில் கடைசியில் போட ஹாப்ஸ் பொட்டலம். எல்லாம் சேர்ந்து 23 லிட்டர், அதாவது 40 பைன்ட். பிரிட்டனில் 1963இலிருந்து சொந்தத் தேவைக்கு உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம். ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிட் தேட வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை மூன்று: ஹைட்ரோமீட்டர் (சர்க்கரை கரைந்த திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவை; நொதிக்க நொதிக்க அளவு இறங்கும்), வெப்பமானி, அலசத் தேவையில்லாத சானிடைசர். கிட்டோடு ஹைட்ரோமீட்டர் வரவில்லையென்றால் முதல் வேலையாக அதை வாங்குங்கள். அது இல்லாமல் கீழே உள்ள பாதியைத் தீர்மானிக்கவே முடியாது. வாங்கியதும் 20 டிகிரி குழாய்த் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். 1.000 காட்ட வேண்டும். 1.002 காட்டினால் இனி எல்லா அளவிலும் 2 புள்ளி (0.002) கழித்துக்கொள்ளுங்கள்.

## தொடக்க அளவு குறைவாகக் காட்டுகிறது

இந்தக் கிட்களில் 1.040 முதல் 1.048 வரை வரும். 1.030 என்று காட்டினால் பெரும்பாலும் கலக்கியது போதவில்லை. மால்ட் பாகு அடியில் தங்கியிருக்கும், நீங்கள் ஊற்றிய பச்சைத் தண்ணீர் மேலே நிற்கும், மாதிரி எடுத்ததோ மேலிருந்து. சானிடைசரில் நனைத்த நீளக் கரண்டியால் அடியிலிருந்து நன்றாகக் கிளறி மறுபடி அளந்து பாருங்கள். ஈஸ்ட் போடுவதற்கு முன் எவ்வளவு நுரைக்கக் கிளறினாலும் நல்லதுதான். ஈஸ்டுக்குத் தொடக்கத்தில் ஆக்சிஜன் வேண்டும்.

இன்னும் குறைவா? மாதிரியின் சூட்டைப் பாருங்கள். 30 டிகிரியில் அளந்தால் 2, 3 புள்ளி குறைத்துக் காட்டும். அதுவும் இல்லையென்றால் தண்ணீர் கூடியிருக்கிறது. வாளியில் அச்சடித்த கோடுகளை நம்ப முடியாது. அடுத்த முறைக்கு முன் அளவு ஜக்கால் ஊற்றி உங்கள் கோட்டை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இந்த முறை பீர் கொஞ்சம் லேசாக இருக்கும், அவ்வளவுதான். ஈடுகட்ட வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டாதீர்கள்.

## ஏர்லாக்கில் குமிழி வரவில்லை

ஏர்லாக் என்பது மூடியில் செருகிய, வாயுவை வெளியே மட்டும் விடும் சின்னக் குழாய். ஈஸ்ட் போட்டு 24 மணி நேரம் ஆகவில்லையா? மூடியைத் திறக்காமல் போய்த் தூங்குங்கள்.

24 மணி நேரம் தாண்டிவிட்டது என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

மூடி. பிளாஸ்டிக் வாளி மூடிகள் ஒழுங்காக அடைவதே இல்லை. உள்ளே நொதிப்பு அமோகமாக நடக்கும், வாயு மட்டும் விளிம்பு வழியாக நழுவிப் போகும். ஏர்லாக்கோ சும்மா நிற்கும். விளிம்பைச் சுற்றி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வாருங்கள். சரியாக உட்காராத இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து விளிம்பிலும், ஏர்லாக் நுழையும் ரப்பர் வளையத்திலும் விரலால் தடவுங்கள். பொடிப்பொடியாக நுரை எழும்பினால் கசிவு அங்கேதான். வளையம் வெடித்திருந்தால் மாற்றுங்கள், சில்லறைக் காசுதான். முதல் வாரத்தில் இந்தக் கசிவால் பீருக்கு ஒரு கெடுதலும் இல்லை.

வாளியின் சுவர். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை வாளியின் பின்னால் பிடியுங்கள். திரவத்துக்கு மேலே நுரை தெரிந்தால் நொதிப்பு நடக்கிறது. நுரை இல்லை, ஆனால் ஓர் அங்குலம் மேலே பழுப்பு நிறத்தில் அழுக்கு வளையம் ஒட்டியிருக்கிறதா? அப்படியானால் நுரை எழும்பி இறங்கிவிட்டது. 22 டிகிரியில் இரண்டே நாளில் பெரும்பகுதி முடிந்துவிடுவது உண்டு. நீங்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அது தன் வேலையை முடித்திருக்கும்.

வெப்பம். 18 முதல் 22 டிகிரி சரியான எல்லை. குளிர்காலத்தில் சமையலறைத் தரையில் வைத்த வாளி ராத்திரி 14க்கு இறங்கிவிடும். தரையிலிருந்து தூக்கி, வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரிப் பக்கமோ உள்ளறையிலோ வைத்து ஒரு போர்வையைச் சுற்றுங்கள். பிறகும் குளிர்ந்தால் மட்டும் வாளியைச் சுற்றிக் கட்டும் மின்சார ஹீட் பெல்ட் வாங்கலாம். அதன் கேபிள் கருகினாலோ பிளக் சூடேறினாலோ உடனே கழற்றிக் குப்பையில் போடுங்கள். ஒட்டுப்போட்டு ஓட்டும் சாமான் அல்ல அது.

ஹைட்ரோமீட்டர். 72 மணி நேரம் கழித்தும் சந்தேகம் தீரவில்லை என்றால்தான் மாதிரி எடுக்க வேண்டும். ஜாடியில் மீட்டரை விட்டதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து ஒரு சுழற்று சுழற்றுங்கள். கண்ணாடியில் ஒட்டிய வாயுக் குமிழிகள் மீட்டரைத் தூக்கிப் பிடித்து அளவைக் கூட்டிக் காட்டும். அளந்த மாதிரியைத் திரும்ப வாளியில் ஊற்றாதீர்கள், குடித்துப் பாருங்கள்.

- அளவு இறங்கியிருந்தால்: எல்லாம் சரி. மூடி கசிகிறது, அவ்வளவே.
- 1.008 முதல் 1.014க்குள் இருந்தால்: ஏறக்குறைய முடிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை அளங்கள்.
- தொடக்க அளவிலேயே நின்றால்: ஈஸ்ட் வேலை செய்யவில்லை. கரைசல் 35 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தபோது தூவினீர்களா? பாக்கெட்டின் தேதி முடிந்துவிட்டதா? காரணம் எதுவானாலும் வைத்தியம் ஒன்றுதான். யூஎஸ்-05 அல்லது நாட்டிங்காம் மாதிரி உலர் ஏல் ஈஸ்ட் சுமார் 11 கிராம் பாக்கெட் வாங்கி, வாளி 20 டிகிரியில் இருக்கும்போது தூவுங்கள். டின்னோடு வரும் பாக்கெட்டில் ஐந்தாறு கிராம்தான் இருக்கும். நான் அதை எப்போதும் ஓரமாக வைத்துவிட்டு இதைத்தான் போடுகிறேன்.

புது ஈஸ்ட் போட்டு 48 மணி நேரம் ஆகியும் ஒரு புள்ளிகூட இறங்கவில்லையா? கிட் வாங்கிய கடைக்குப் போக வேண்டிய நேரம். ஒரு சின்ன பாட்டிலில் மாதிரி, டின்னின் அடியில் அச்சடித்த எண், நீங்கள் குறித்த அளவுகள், மூன்றையும் கொண்டு போங்கள். வெறுங்கையோடு போனால் "சூடான இடத்தில் வையுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள்.

## 1.020இல் நின்றுவிட்டது

மால்ட் சாறுக் கிட்களின் பிரபலமான நோய் இது. ஆனால் ஒரு முறை அளந்துவிட்டு நின்றுவிட்டது என்று சொல்லக் கூடாது. இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் ஒன்றாக இருக்க வேண்டும்.

ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) பார்த்தீர்களா? ஆல்கஹால் உண்டான பிறகு அது கூட்டிக் காட்டும். ஹைட்ரோமீட்டரில் பாருங்கள், பலருக்கு நோய் அங்கேயே தீர்ந்துவிடும்.

சர்க்கரைக்குப் பதில் என்ன போட்டீர்கள்? ஈஸ்ட் தின்ன முடியாத மால்ட்டோடெக்ஸ்ட்ரின் கலந்த பொடியோ, முழுக்க உலர் மால்ட்டோ போட்டிருந்தால் 1.014, 1.016இல் முடிவது இயல்பு. அதற்கு மேல் இறக்கப் போராடாதீர்கள்.

உண்மையிலேயே நின்றிருந்தால் முதலில் வாளியை 20, 21 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். மூடியைத் திறக்காமல் வாளியின் விளிம்பைப் பிடித்து மெதுவாக வட்டமாக அசைத்து, அடியில் படிந்த ஈஸ்டைக் கிளப்புங்கள். தளும்பக் கூடாது, இப்போது காற்று கலந்தால் கெடுதல். மூன்று நாள் விடுங்கள். பெரும்பாலும் இதிலேயே இறங்கத் தொடங்கும். இறங்கவில்லையென்றால் புது ஈஸ்ட். ஆல்கஹால் ஏறிய திரவத்தில் உலர்ந்த ஈஸ்டை அப்படியே தூவினால் திணறும். எனவே கொதித்து ஆறிய, 30 டிகிரி சூடுள்ள ஒரு கோப்பை நீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வாளிப் பீரைச் சேர்த்துப் பழக்கிவிட்டு ஊற்றுங்கள். அமைலேஸ் நொதி (ஈஸ்ட் தின்னாத மிச்சத்தையும் சர்க்கரையாக உடைப்பது) கடைசிப் படி. அது இறக்குவதை எங்கே நிறுத்தும் என்று சொல்ல முடியாது, பீர் வறண்டு தண்ணியாகிவிடும்.

எதுவும் பலிக்காவிட்டால் ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: "போதும்" என்று கண்ணாடிப் பாட்டிலில் அடைப்பது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது கீழே பொங்கும் பாட்டில் பகுதியில் இருக்கிறது.

## நுரை ஏர்லாக் வழியாக வழிகிறது

கோடையில் இட்லி மாவுப் பாத்திரத்துக்கு நடப்பதுதான் இங்கேயும். ஏர்லாக்கைக் கழற்றிக் கழுவி, சானிடைசரில் முக்கி மாட்டுங்கள். மறுபடி வழிந்தால் ஏர்லாக்குக்குப் பதில் ஒரு டியூபைச் செருகி மறுமுனையைச் சானிடைசர் ஊற்றிய ஜக்கில் விடுங்கள். ஏர்லாக் அடைத்துக்கொண்டு மூடி உப்பியிருந்தால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு விளிம்பை ஓரிடத்தில் மெதுவாகத் தூக்குங்கள். வெப்பத்தையும் பாருங்கள், பெரும்பாலும் 23க்கு மேல் இருக்கும். ஈரத் துண்டைச் சுற்றினால் இறங்கும்.

## மேலே ஏதோ படர்ந்திருக்கிறது

படம் எடுத்து எனக்கு அனுப்பும் முன் மோந்து பாருங்கள்.

பழுப்புத் திட்டுகள், கிரீம் நிற நுரைத் தீவுகள், பச்சைத் துணுக்குகள்: ஈஸ்டும் ஹாப்ஸும். விட்டுவிடுங்கள்.

வெள்ளையாக, மெல்லிய தோல்போல், சுருக்கம் விழுந்து, உள்ளே பெரிய குமிழிகள் சிக்கியிருந்தால் காட்டு ஈஸ்டோ பாக்டீரியாவோ புகுந்திருக்கிறது. சுவைத்துப் பாருங்கள். இன்னும் நன்றாக இருந்து அளவும் நிலையாக நின்றால், கீழிருந்து குழாய் வழியாக எடுத்து, பிளாஸ்டிக் பெட் பாட்டிலில் அடைத்து, குளிரில் வைத்துச் சீக்கிரம் குடித்துவிடலாம். புளித்திருந்தால் கொட்டுங்கள்.

பச்சை, கறுப்பு, நீலம் என்று பஞ்சுபோல் ரோமம் வளர்ந்தால் பூஞ்சை. சுவைக்கவே வேண்டாம், கொட்டுங்கள். பிறகு குழாய், திருகுக் குழாயின் உள் வாஷர், ரப்பர் வளையம் மூன்றையும் புதிதாக வாங்குங்கள். கீறல் விழுந்த வாளியையும் மாற்றுவதுதான் உத்தமம். கீறலுக்குள் சானிடைசர் போகாது. திருகுக் குழாயைப் பலர் கழற்றிக் கழுவுவதே இல்லை. ஒரு முறை பிரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் பிசுக்கு விஷயத்தைச் சொல்லிவிடும்.

இதோடு சேர்த்து ஒன்று: கிட் டின் வீங்கியிருந்தால் திறக்காமல் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

## வாசனையோ சுவையோ சரியில்லை

டெட்டால், பிளாஸ்டர் வாடை. காரணம் தண்ணீரில் உள்ள குளோரின் அல்லது குளோரமின். ப்ளீச்சில் கழுவிவிட்டுச் சரியாக அலசாதது இன்னொரு காரணம். வந்த வாடை போகாது, காத்திருந்து பயன் இல்லை. அடுத்த முறை 23 லிட்டருக்கு குளோரினையும் குளோரமினையும் நீக்கும் கேம்ப்டன் மாத்திரையில் பாதியைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கி, சில நிமிடம் விட்டு, அப்புறம் மால்ட்டை ஊற்றுங்கள். வெறும் குளோரின் என்றால் கொதிக்க வைத்தாலே போய்விடும். குளோரமின் அவ்வளவு சுலபத்தில் போகாது. உங்கள் பகுதியில் எது கலக்கிறார்கள் என்பதைத் தண்ணீர் நிறுவனத்திடம் கேட்டால் சொல்வார்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் குடிப்பார் என்றால் கவனம், மாத்திரையில் இருப்பது சல்ஃபைட்.

பச்சை ஆப்பிள். அவசரப்பட்டிருக்கிறீர்கள். இன்னும் ஒரு வாரம் ஈஸ்ட் மேலேயே விடுங்கள்.

வெண்ணெய், பாப்கார்ன். வாளியிலேயே இருந்தால் 21, 22 டிகிரிக்கு ஏற்றி மூன்று நாள் விடுங்கள், ஈஸ்டே அதைத் தின்றுவிடும். பாட்டிலில் அடைத்த பிறகு நாளுக்கு நாள் கூடினால் தொற்று.

வாழைப்பழம், நெயில் பாலிஷ். சூடு அதிகம். கோடையில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும். கொதிநீரில் மால்ட்டைக் கரைத்து அதை ஊற்றினால் 28இல்தான் வந்து நிற்கும். முதல் மூன்று நாள் வெப்பம்தான் சுவையைத் தீர்மானிக்கிறது. பிற்பாடு குளிர்வித்துப் பயனில்லை.

அழுகிய முட்டை. பயப்பட வேண்டாம், பெரும்பாலும் தானே போய்விடும்.

வினிகர். போச்சு. காற்று உள்ளே போயிருக்கிறது.

நனைந்த அட்டைப்பெட்டி வாடை, நிறமும் மங்கிப் பழுப்பாகிவிட்டது. பேல் ஏலில் இது சீக்கிரம் தெரியும், ஏனென்றால் முதலில் சாவது ஹாப்ஸ் வாசனை. பாட்டிலில் ஊற்றும்போது மேலிருந்து கொட்டினீர்களா? பாட்டிலின் அடிவரை போகும் குழாய் வாங்குங்கள், விலை குறைவு. மாதிரி எடுக்கிறேன் என்று தினமும் மூடியைத் திறப்பதும் இதே வேலையைச் செய்யும். கடைசியில் ஹாப்ஸ் போட்ட பீரை மாதக்கணக்கில் சேமித்து வைக்காதீர்கள்.

ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றம் போன்ற வாடை, அதுவும் வெளிச்சத்தில் வைத்த பாட்டிலில் மட்டும். வெயில் பட்டிருக்கிறது. நிறமற்ற கண்ணாடியும் பச்சைக் கண்ணாடியும் தடுக்காது. பழுப்புப் பாட்டில், இருட்டு அலமாரி.

இந்தப் பட்டியலில் எதிலும் சேராத வாடை என்றால் உங்கள் ஊரில் வீட்டு பீர் காய்ச்சுவோர் சங்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பாட்டிலோடு போய் உட்கார்ந்தால் ஒரு வாய் குடித்ததுமே அங்கே யாராவது காரணத்தைச் சொல்லிவிடுவார்கள்.

## பாட்டிலைத் திறந்தால் கேஸே இல்லை

இரண்டு வாரம் ஆகிவிட்டதா, அதுவும் 18 டிகிரிக்கு மேல்? இல்லையென்றால் கோளாறே இல்லை. குளிர்காலத்தில் கராஜில் வைத்த பாட்டில் அப்படியேதான் இருக்கும். உள்ளே கொண்டுவந்து, தலைகீழாக ஒரு முறை திருப்பி, பத்து நாள் விடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பாட்டிலையாவது பிளாஸ்டிக் பெட் பாட்டிலில் அடையுங்கள். அமுக்கினால் விறைப்பாக இருந்தால் மற்றவையும் தயார். திறந்து வீணாக்க வேண்டியதில்லை.

அடுத்து மூடி. உலோக மூடியை இரு விரலால் பிடித்துத் திருகுங்கள், சுற்றினால் இறுகவில்லை. மூடியை அழுத்தும் கருவியான கேப்பரின் கப் தேய்ந்திருக்கலாம், அல்லது அந்தப் பாட்டிலின் கழுத்து அளவு வேறாக இருக்கலாம்.

பாட்டிலில் அடைக்கும்போது கேஸுக்காகச் சர்க்கரை போட்டீர்களா, எவ்வளவு? சாதாரணச் சர்க்கரை லிட்டருக்கு 5 முதல் 6 கிராம், 23 லிட்டருக்கு 115 முதல் 138 கிராம் பேல் ஏலுக்குச் சரி. மறந்தே போயிருந்தால் திறந்து 500 மில்லிக்கு 3 கிராம் போட்டு உடனே மூடுங்கள். பீரில் கொஞ்சம் கேஸ் இருந்தாலும் சர்க்கரை விழுந்ததும் சீறும், பாட்டில்களை நன்றாகக் குளிர்வித்துவிட்டுச் செய்யுங்கள். சில பாட்டிலில் மட்டும் கேஸ், சிலதில் இல்லை என்றால் சர்க்கரைக் கரைசல் வாளியில் சரியாகக் கலக்கவில்லை. அந்த நிலைமை பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், எனவே அடுத்த பகுதியையும் படியுங்கள்.

## பாட்டில் பொங்கி அடிக்கிறது, அல்லது ஒன்று வெடித்தது

இந்த ஒரு தலைப்பில் மட்டும் காரணத்தைப் பிறகு தேடுங்கள்.

வெடித்திருந்தால் மற்றவற்றை வெறும் கையால் தொடாதீர்கள். குழந்தைகளை அறைக்கு வெளியே அனுப்புங்கள். தடிமனான கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை. பெட்டியின் மேல் கனமான போர்வையைப் போடுங்கள். அறையைக் குளிரவிடுங்கள், முடிந்தால் அப்படியே குளிரான கராஜுக்கு நகர்த்துங்கள். குளிர்ந்தால் அழுத்தம் குறையும். ஒரு நாள் முழுக்கக் குளிர்ந்த பிறகு ஒவ்வொன்றாகத் துண்டால் சுற்றிப் பிடித்து, மூடியின் ஓரத்தைச் சற்றே நெம்பி, சீறல் அடங்கியதும் புது மூடி போடுங்கள். நுரை நிற்காமல் வந்தால் சிங்க்கில் கொட்டிவிடுங்கள். கண்ணில் சில்லு பட்டாலோ வெட்டு ஆழமாக இருந்தாலோ கசக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அடங்கிய பிறகு காரணம். ஒரே ஒரு பாட்டில் மட்டும் பொங்கினால் அது பெரும்பாலும் சரியாகக் கழுவாத பாட்டில், சிலது மட்டும் பொங்கினால் சர்க்கரைக் கரைசல் சரியாகக் கலக்கவில்லை. எல்லாமே பொங்குகிறது, சுவை நன்றாக இருக்கிறது என்றால் சர்க்கரை அதிகம் அல்லது நொதிப்பு முடியும் முன் அடைத்துவிட்டீர்கள். இரண்டு புள்ளி மிச்சம் இருந்தாலே அது கிட்டத்தட்ட லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை கூடுதலாகப் போட்டதற்குச் சமம். 1.020இல் நின்றதை அடைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் பொங்கி, வாரா வாரம் கூடி, சுவையும் தண்ணியாகப் புளித்தால் தொற்று. மொத்தத்தையும் கொட்டுங்கள்.

பேல் ஏலுக்கென்றே இன்னொரு காரணம் உண்டு, கிட் தாளில் இது இருக்காது. கடைசியில் போடும் ஹாப்ஸில் உள்ள நொதிகள், முடிந்துபோன மாதிரி இருக்கும் பீரில் மிச்சச் சர்க்கரையை உடைத்து நொதிப்பைத் திரும்ப எழுப்பிவிடும். ஹாப்ஸ் போடும் முன் 1.012, நாலு நாள் கழித்து 1.009. அதனால் ஹாப்ஸ் போடும் முன் எடுத்த அளவை நம்பிப் பாட்டிலில் அடைக்காதீர்கள். போட்ட பிறகு இரண்டு அளவுகள் ஒன்றாக வர வேண்டும்.

ஒயின் பாட்டில், ஜூஸ் பாட்டில், கண்ணாடி ஜாடி எதிலும் பீர் அடைக்கக் கூடாது. அவை அழுத்தத்துக்குச் செய்தவை அல்ல.

## கலங்கலாக இருக்கிறது

குளிர்ந்ததும் கலங்கி, கிளாஸில் சூடேறியதும் தெளிந்தால் அது புரதக் கலங்கல். கண்ணுக்குத்தான் குறை. எப்போதும் கலங்கலாகவே இருந்தால் ஈஸ்ட். பாட்டில்களை ஃப்ரிட்ஜில் நிற்க வைத்து நாலைந்து நாள் விடுங்கள், படுக்க வைக்காதீர்கள். அடுத்த முறை அடைப்பதற்கு முன் வாளியையே இரண்டு மூன்று நாள் 5 டிகிரிக்குக் கீழே வைத்தால் பெரும்பகுதி படிந்துவிடும். அதற்கு ஃப்ரிட்ஜில் இடம் இல்லாதவர்கள் ஜெலட்டின் போடலாம், சைவர்களுக்கு ஆகாது. ஐரிஷ் மாஸ் வாங்காதீர்கள். அதைக் கொதிக்கும் கரைசலில் போட வேண்டும், இந்தக் கிட்டில் கொதிக்க வைக்கும் கட்டமே இல்லை.

ஊற்றும்போது ஒரே சாய்வில் நிறுத்தாமல் ஊற்றி, கடைசி ஒரு விரற்கடையைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். ஹாப்ஸ் தாராளமாகப் போட்ட பேல் ஏல் அப்படியும் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். பலர் இப்போது அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.